சிங்கிள் ஷாட் ரைபிளுக்கு ஈயக்குண்டு வார்க்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பேரல் பூரா ஈயம் ஒட்டுது, இன்னும் கெட்டியான கலவையில குண்டு வார்த்தா சரியாயிடுமா?" இந்தக் கேள்விய கேக்காத ஆளே இந்தப் பொழப்புல கிடையாது, நானும் கேட்டிருக்கேன். அப்போ எங்க ரேஞ்ச்ல ஒரு பெரியவர் பதிலே சொல்லாம என் ரைபிள திறந்து, வெளிச்சத்துக்கு நேரா பேரல புடிச்சு பாத்துட்டு, "உன் பேரலோட அளவு என்ன?"ன்னார். .458 இஞ்ச்னேன். எப்டி தெரியும்னார். புக்ல போட்டிருக்குன்னேன். "அது புக்கு எழுதுனவனோட பேரல்"னு சொல்லிட்டு காபி குடிக்கப் போயிட்டார்.

நான் பாத்த வரைக்கும் இதுல நடக்குற முக்காவாசி தப்பு இந்த ஒரு இடத்துல இருந்துதான் கிளம்புது, அதாவது தன்னோட ரைபிள அளக்காம அடுத்தவன் நம்பர வெச்சு ஓட்டுறது.

புதுசா படிக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. இதெல்லாம் அமெரிக்காவுல 1870, 80கள்ல வந்த ஒத்தைத் தோட்டா ரைபிளுங்க, ஷார்ப்ஸ் 1874, ரெமிங்டன் ரோலிங் பிளாக், ஸ்ப்ரிங்ஃபீல்ட் ட்ராப்டோர், வின்செஸ்டர் 1885. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா, சுட்டா திறந்து வெத்து கேஸ (மருந்தும் குண்டும் உக்கார்ற பித்தளைக் கூடு) எடுத்துட்டு அடுத்தது போடணும், அவ்ளோதான். இதுல ரொம்ப ஓடுறது .45-70, அமெரிக்க ராணுவம் 1873ல எடுத்துக்கிட்ட தோட்டா. 45ங்கிறது குண்டோட பருமன், 70ங்கிறது அதுல போட்ட கருமருந்தோட எடை, கிரெய்ன் கணக்குல. இன்னைக்கு பலபேர் போடுற குண்டு 500 கிரெய்னுக்கு மேல இருக்கும், நம்ம கணக்குல நாலு பவுன் தங்கத்தோட எடை. இங்க அமெரிக்காவுல பெரும்பாலான இடத்துல வீட்டுலயே குண்டு வார்த்து தோட்டா போட்டுக்கலாம். ஊர்ல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா ஆயுதச் சட்டத்துல நேரா உள்ள போக வேண்டியதுதான், அதனால இத படிச்சிட்டு யாரும் அங்க அடுப்பு பத்த வெக்காதீங்க.

சரி, கெட்டி ஈயம் கதைக்கு வருவோம். ஈயம் ஒட்டுறதுக்கு குண்டு மெத்துன்னு இருக்கறது காரணமா இருக்கறது ரொம்ப கம்மி. குண்டு பேரல விட சின்னதா இருந்தா வெடிச்ச சூடு காத்து குண்டோட பக்கவாட்டுல பீறிட்டு முன்னாடி ஓடும், போற வழியில ஈயத்த அரிச்சு எடுத்து பேரல் சுவத்துல அப்பிட்டு போயிடும். இப்போ நீங்க லினோடைப் (பழைய அச்சகத்துல எழுத்து வார்த்த ஈயக்கலவை) மாதிரி கல்லு கலவை போட்டீங்கன்னா என்ன ஆகும்? மெத்துன்னு இருந்த குண்டாவது அழுத்தத்துல அடிப்பக்கம் கொஞ்சம் விரிஞ்சு பேரல அடைச்சிருக்கும், கெட்டிக் குண்டு அதுவும் பண்ணாது, ஈயம் இன்னும் ஜாஸ்தியா ஒட்டும். இந்த வேகத்துக்கு, அதாவது செகண்டுக்கு 1200, 1300 அடி போற குண்டுக்கு, 20 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் தாராளம், கெட்டித்தனத்த சொல்ற பிரினெல் அளவுல 10 கிட்ட வரும். லினோடைப் 22. சுத்த காரீயம் 5. (நம்ம வீட்டுல ரசம் வெக்கிற ஈயச்சொம்பு இருக்கே, அது வெள்ளீயம், காரீயம் இல்ல. ரெண்டையும் ஈயம்னே சொல்லிப் பழகிட்டதால இங்க வர்ற தமிழ் பசங்க கலவைய படிக்கும்போது ஒரு நிமிஷம் முழிப்பாங்க, நானும் முழிச்சேன்.)

அளக்கறது எப்படின்னா, ரைபிள் காலியான்னு ரெண்டு தடவ பாத்துட்டு, பேரல்ல லேசா எண்ணெய் விட்டு, மீன் தூண்டில்ல கட்டுற சுத்த ஈய உருண்டை ஒண்ணு பேரல விட துளி பெருசா எடுத்து, வாய்ப்பக்கத்துல வெச்சு மரக்கட்டையால தட்டி உள்ள ஏத்தி, பித்தளைக் கம்பியால மெதுவா தள்ளி பின்பக்கம் வெளிய எடுக்கணும். போகும்போது கையில தெரியும், ஒரே சீரா போகுதா, நடுவுல லூசாகுதா, எங்கயாவது இறுகுதான்னு, அந்த உணர்வே பாதி ரிப்போர்ட். வெளிய வந்த ஈயத்த மைக்ரோமீட்டர்ல அளங்க, கடையில மலிவா கிடைக்கிற காலிப்பர்ல வேணாம், நமக்கு வேண்டியது ஒரு இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு வித்தியாசம், அது காலிப்பர் அழுத்துற விரல்லயே போயிடும். இதுல இன்னொரு குழி இருக்கு. பழைய ட்ராப்டோர் பேரல்ல, குண்ட சுழல வெக்க உள்சுவத்துல வெட்டுன வரிப்பள்ளம் மூணே மூணுதான். ஒத்தைப்படையா இருக்கறதால ஒரு பள்ளத்துக்கு நேரெதிர மேடு வரும், சாதா மைக்ரோமீட்டர் வெச்சா அளவு கம்மியா காட்டும், அத நம்பி சின்னதா குண்டு வார்த்து ஒரு சீசன வீணடிச்ச ஆள எனக்குத் தெரியும், கண்ணாடியில தினமும் பாக்குறேன். வி வடிவ மைக்ரோமீட்டர் வாங்குங்க, இல்ல தெரிஞ்ச மெஷின் ஷாப்ல குடுத்து அளந்துக்கோங்க.

அளந்தப்புறம், குண்டு பள்ளத்தோட அளவ விட இஞ்சுல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு பெருசா இருக்கற மாதிரி அச்சு எடுங்க. ஆனா ரொம்ப பெருசா போனாலும் வம்பு, கேஸோட கழுத்து சேம்பர்ல (பேரலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற இடம்) விரிய இடம் இல்லாம இறுகிட்டா அழுத்தம் எகிறிடும். ரெடியான தோட்டா விரலால தள்ளுனா உள்ள போகணும், கட்டைவிரல் வெச்சு அமுக்கித்தான் போகுதுன்னா அங்கயே நிறுத்துங்க.

வார்ப்புல நடக்குற தப்புகள்

குண்டுல சுருக்கம் விழுதுன்னா அச்சு ஆறியிருக்கு, இல்ல அச்சுல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு. மேல வெள்ளையா பனி பூத்த மாதிரி இருந்தா அச்சு கொஞ்சம் ஓவர் சூடு, ஆனா அந்தக் குண்டு நல்லாத்தான் சுடும், பளபளப்பா இல்லைன்னு உருக்குக்கே திருப்பிப் போடுறது வீண் வேலை. நாங்கூட முதல் வருஷம் நகைக்கடைக்காரன் மாதிரி பளபளப்பு பாத்து பாத்து பொறுக்கி எடுத்தேன், கடைசியில தராசுல வெச்சுப் பாத்தா பளபளன்னு இருந்ததுல நாலஞ்சு உள்ளுக்குள்ள பொள்ளல். கண்ணுக்குத் தெரியாத காத்துக்குமிழி எடையிலதான் மாட்டும், அதனால ஒவ்வொண்ணா எடை போடுங்க, கும்பல விட்டு ரெண்டு மூணு கிரெய்ன் கம்மியா இருக்கறத சட்டிக்கே அனுப்பிடுங்க.

பழைய கார் சக்கரத்துல பேலன்ஸுக்கு மாட்டுற எடைக்கட்டி கிடைச்சா அள்ளிட்டு வந்து மொத்தமா சட்டியில கொட்டாதீங்க. இப்போ அதுல நெறைய துத்தநாகம், கலிபோர்னியா மாதிரி மாநிலத்துல ஈய எடைய தடையே பண்ணிட்டாங்க. காரீயம் 327 டிகிரி செல்சியஸ்ல உருகும், துத்தநாகத்துக்கு 419 வேணும், அதனால சூட்ட கட்டுக்குள்ள வெச்சிருந்தா துத்தநாகம் மேல மிதக்கும், கரண்டியால எடுத்துப் போட்டுடலாம். அவசரப்பட்டு சூட்ட ஏத்துனீங்கன்னா அதுவும் கரைஞ்சு மொத்த சட்டியும் புளிச்ச மாவு மாதிரி கட்டி கட்டியா ஆகிடும், அச்சுல ஒழுங்காவே நிரம்பாது. சந்தேகம்னா கட்டிங் பிளையர்ல கடிச்சுப் பாருங்க, ஈயம் வெண்ணெய் மாதிரி கடிபடும், துத்தநாகம் லேசுல கடிபடாது.

இனிமே சொல்றது சிரிக்கிற விஷயம் இல்ல. ஈரம். ரேஞ்ச் மண்ணுல பொறுக்குன பழைய ஈயம் ஒரு வாளி வெச்சிருந்தேன், மேல காஞ்சுதான் இருந்துச்சு. உருகி நிக்கிற சட்டியில ஒரு கை போட்டேன். நசுங்குன குண்டோட மடிப்புக்குள்ள ஒரு சொட்டு தண்ணி இருந்திருக்கு போல, ஒரு செகண்டுல ஆவியாகி பூச்சட்டி மாதிரி ஈயம் கூரை வரைக்கும் அடிச்சுது. மூக்குக்கண்ணாடியில ரெண்டு இடத்துல ஈயப்பொட்டு, அந்தக் கண்ணாடிய இன்னும் தூக்கிப் போடல. பழைய ஈயத்த உருகுன சட்டியில போடவே கூடாது, ஆறின சட்டியில முதல்லயே போட்டு அதோடயே சூடேத்தணும், அப்போ ஈரம் தானா போயிடும். கண்ணாடி, முழுக்கை சட்டை, தோல் கையுறை, மூடின ஷூ, இதெல்லாம் இல்லாம அடுப்பு பக்கம் போகாதீங்க. சமையக்கட்டுல காய்ச்சவே காய்ச்சாதீங்க. மேல வர்ற கசடுத் தூசியும் கேஸ் பாலீஷ் பண்ற மெஷினோட தூசியும்தான் உடம்புக்குள்ள போற ஈயம், வேலை முடியிற வரைக்கும் டீ டம்ளர தொடாதீங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு கைய கழுவுங்க, சின்னக் குழந்தை இருக்கற வீடுன்னா சட்டையக்கூட தனியா துவைங்க.

மருந்து

எத்தன கிரெய்ன் போடணும்னு இங்க ஒரு நம்பரும் தர மாட்டேன், மருந்துக் கம்பெனியோட கையேடு எதுக்கு இருக்கு. ஆனா அந்தக் கையேட்ட படிக்கறதுலயே ஒரு தப்பு நடக்குது. .45-70க்கு பல புக்குல மூணு பட்டியல் இருக்கும், ட்ராப்டோர் மாதிரி பழைய பலவீனமான ரைபிளுக்கு ஒண்ணு, லீவர் ஆக்‌ஷனுக்கு (கைப்பிடிய அசைச்சு அடுத்த தோட்டா ஏத்துற ரைபிள்) ஒண்ணு, ரூகர் நம்பர் 1 மாதிரி இரும்புக்கோட்டைக்கு ஒண்ணு. தோட்டா ஒண்ணுதான், மூணு ரைபிள்லயும் உள்ள போகும், அதுதான் ஆபத்தே. மூணாவது பட்டியல்ல இருக்கறத தாத்தா காலத்து ட்ராப்டோர்ல போட்டா அது திறக்கற கதவு மூஞ்சிக்கு நேராதான் இருக்கு, யோசிச்சுக்கோங்க.

கருமருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் சட்டமே நேர்மாறு. கருமருந்துன்னா கேஸுக்குள்ள காலி இடமே இருக்கக் கூடாது, குண்டு மருந்து மேல அழுத்தி உக்காரணும், இடைவெளி விட்டா பேரல் வீங்குறதுக்கு நீங்களே சீட்டு எழுதிக் குடுத்த மாதிரி. நீளக் குழாய் வழியா மெதுவா கொட்டுனா மணி மணியா நெருங்கி உக்காரும், அதுக்குத்தான் அந்த ரெண்டடி குழாய். புகையில்லா மருந்தோ அவ்ளோ பெரிய கேஸ்ல ஒரு மூலையில கிடக்கும். இதுல ரெண்டு வில்லங்கம். ஒண்ணு, ஒரே கேஸ்ல ரெண்டு தடவ கொட்டிட்டாலும் வழியாது, வெளிய தெரியவே தெரியாது. எல்லா கேஸயும் கட்டையில அடுக்கி, மருந்து போட்டு முடிச்சதும் டார்ச் அடிச்சு ஒவ்வொரு கிணத்தையும் எட்டிப் பாத்துட்டுத்தான் குண்ட வெக்கணும், போன் வந்தா பாதியில விட்டுட்டு எந்திரிச்சீங்கன்னா திரும்பி வந்து எல்லாத்தையும் கவுத்துட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க. ரெண்டாவது, மருந்து ஆடுதேன்னு அது மேல ஒரு அட்டை வில்லைய அமுக்கி, அட்டைக்கும் குண்டுக்கும் நடுவுல காலி விட்டு விடறது. அந்த அட்டை பாஞ்சு போய் குண்டோட அடியில மோதுற இடத்துல சேம்பர்ல மோதிரம் மாதிரி ஒரு வீக்கம் விழும். ஒரே நாள்லயும் விழலாம், நூறு தடவ சுட்டப்புறமும் விழலாம், விழுந்துட்டா கேஸ் வெளிய வராது, நூறு வருஷத்து பேரல் போச்சு. சந்தையில பழைய ரைபிள் வாங்கப் போனா நான் முதல்ல டார்ச் அடிச்சு பாக்குறது அந்த மோதிரத்ததான்.

சுட்டது வெடிக்கல, க்ளிக்னு மட்டும் கேட்டுச்சுன்னா உடனே திறக்காதீங்க. முனை இலக்கப் பாத்தே இருக்கட்டும், ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க.

கருமருந்து எரிஞ்சு பேரல்ல தங்குற கரிய பத்தி சுருக்கமா. பெட்ரோலிய கிரீஸ கருமருந்தோட சேத்தா தார் ரோடு மாதிரி இறுகிடும், தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்த மசகுதான் சரிப்படும். ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல ரைபிள திறந்து சேம்பர் பக்கத்துலேருந்து குழாய் வெச்சு மூணு நாலு தடவ ஊதுவோம், மூச்சுல இருக்கற ஈரம் கரிய இளக்கும், காஞ்ச ஊர்ல இன்னும் ரெண்டு சேத்து ஊதணும். பாக்கறவங்களுக்கு புல்லாங்குழல் வித்வான் மாதிரி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தண்ணி கலந்த திரவத்துல துடைச்சு, காய வெச்சு, எண்ணெய் போட்டுட்டுதான் சாப்பாடு. இந்தக் கரி காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், காலையில பாத்துக்கலாம்னு விட்டா காலையில துருவத்தான் பாப்பீங்க.

அப்புறம் ஒரே நாள்ல கலவை, மருந்து, ப்ரைமர் (மருந்த பத்த வெக்கிற மூடி), மசகு எல்லாத்தையும் மாத்திட்டு "குரூப் (குண்டுங்க இலக்குல விழற பரப்பு) சின்னதாயிடுச்சு"ன்னு குதிக்கறது. எது மாத்துச்சு? அதுவும் மூணு ஷாட் குரூப். மூணு குண்டு பக்கம் பக்கமா விழறது அதிர்ஷ்டத்துலயும் நடக்கும், பத்து போடுங்க. 1901லயே ரோலண்ட்னு ஒருத்தர் ஹாரி போப் செஞ்ச பேரல வெச்சு 200 கஜத்துல பத்து குண்ட முக்கால் இஞ்சுக்குள்ள போட்டார், வார்த்த ஈயக்குண்டுதான். அதனால ஈயக்குண்டு நேரா போகாதுங்கிற சாக்கு 120 வருஷத்துக்கு முன்னாடியே காலாவதி.

எல்லாம் சரியா பண்ணிட்டு கடைசியில நடக்குற தப்பு ஒண்ணு இருக்கு. 1874 செப்டம்பர்ல நியூயார்க் பக்கம் கிரீட்மோர்ல அயர்லாந்துக்காரங்களும் அமெரிக்கக்காரங்களும் 800, 900, 1000 கஜத்துல மோதுனாங்க. அயர்லாந்துக்காரங்க கையில வாய்வழியா மருந்து திணிக்கிற ரிக்பி ரைபிள், அமெரிக்கக்காரங்க கையில ஷார்ப்ஸும் ரெமிங்டனும். 934க்கு 931, மூணே மூணு பாயிண்ட்ல அமெரிக்கா ஜெயிச்சுது. அயர்லாந்து டீம்ல மில்னர் ஒரு புல்ஸ்ஐ அடிச்சார், அப்போ அதுக்கு 4 பாயிண்ட், ஆனா பக்கத்து ஆளோட இலக்குல அடிச்சுட்டார், முட்டை.

இத படிச்சப்போ எப்டிய்யா அவ்ளோ பெரிய ஆளுக்கு இலக்கு மாறும்னு நெனச்சேன். போன வருஷம் இரும்புச் சிலை போட்டி (மிருக உருவத்துல வெட்டுன இரும்பு இலக்க சுட்டுச் சாய்க்கறது), கோழி 200 மீட்டர், பன்னி 300, வான்கோழி 385, கடா 500. கடாவுக்கு குண்டு போய்ச் சேரவே ஒண்ணரை செகண்டு ஆகும், "டங்" சத்தம் திரும்பி வர இன்னொரு ஒண்ணரை. மூணாவது கடாவ புடிச்சேன், காத்து பாத்தேன், விட்டேன், எண்ணுனேன், டங். கடா அழகா மல்லாந்து விழுந்துச்சு. பக்கத்துல தொலைநோக்கி வெச்சு பாத்துட்டிருந்த பெரியவர் தலைய தூக்காமயே "நல்ல ஷாட்டு, ஆனா அந்தாளு உனக்கு தேங்க்ஸ் சொல்ல மாட்டான்"னார். அது பக்கத்து வரிசைக் கடா.