ஜீவனாம்சப் பணம்: அம்மாவும் அப்பாவும் வளர்ந்த பிள்ளையும் செய்யும் தவறுகள்

‘உங்கள் கணக்கில் ரூ.10,000 வரவு வைக்கப்பட்டது.’ மாதத் தொடக்கத்தில் அம்மாவின் போனுக்கு வரும் இந்தக் குறுஞ்செய்தியைப் பத்தாவது படிக்கும் பையன் முதலில் பார்த்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை நிச்சயம். “அப்பா எனக்குத்தானே அனுப்புறார்? அப்புறம் ஷூ கேட்டா மட்டும் காசு இல்லைங்கிற?” என்பான். “உன்னை வளர்க்க என்ன ஆகுதுன்னு உனக்கு என்ன தெரியும்?” என்று அம்மா சீறுவார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை முடிவதே இல்லை.

முதலில், அது யார் பணம்? கணவன் மனைவி பிரிந்த பிறகு பிள்ளைக்கான ஜீவனாம்சம் பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில்தான் கேட்கப்பட்டு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. எந்த மதத்தினருக்கும் பொருந்தும். தொகை பிள்ளைக்காக என்றாலும், நீதிமன்றம் யாரிடம் கொடுக்கச் சொல்கிறதோ அவரிடம்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது பிள்ளையை வைத்திருக்கும் அம்மா. எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்பதில் பிள்ளைகளுக்குத்தான் குழப்பம் அதிகம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், உணவு, உடை, இருப்பிடம், கல்வி, மருத்துவம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஜீவனாம்சம் என்கிறது. ஆகவே அந்தப் பணத்தில் வாடகை கட்டினால் அம்மா ஏமாற்றுகிறார் என்று ஆகாது. பையன் படுத்துத் தூங்குவதும் அந்த வீட்டில்தான். ஜீவனாம்சத்தைப் பாக்கெட் மணியாக நினைப்பது பிள்ளை செய்யும் முதல் தவறு.

அம்மா செய்யும் முதல் தவறு, கணக்கை மூடி வைப்பது. என்னைக் கேட்டால், பாதிச் சண்டைக்கு இதுதான் காரணம் என்பேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வரவு தெரியும், செலவு தெரியாது. பத்தாயிரம் வந்தது என்பது மட்டும் கண்ணில் படும்போது, மீதி எங்கே போனது என்ற சந்தேகம் தானாக முளைக்கும். ஒரே ஒரு மாதக் கணக்கை உட்கார்ந்து எழுதிக் காட்டிப் பாருங்கள். அம்மாவும் பையனும் மட்டும் இருக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். வாடகை 8,000, அவன் பங்கு 4,000. பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 42,000. மாதத்துக்குப் பிரித்தால் 3,500. வேன் 1,500. டியூஷன் 2,000. மளிகை, பால், கேஸ், கரண்ட் பில்லில் அவன் பாதி 4,500. கூட்டினால் 15,500. வந்தது 10,000. மிச்சம் 5,500 அம்மா சம்பளத்திலிருந்து போகிறது. இதில் ஷூவுக்கு எந்த மாதம் இடம் கிடைக்கும் என்பதை அவனையே யோசிக்கச் சொல்லலாம். பல பிள்ளைகள் அந்த இடத்தில் அடங்கிவிடுவார்கள். சிலர் டியூஷனை நிறுத்திவிட்டு ஷூ வாங்கலாமா என்று கேட்பார்கள். அது வேறு கதை.

கணக்குக் காட்டுவதும் சொல்லிக் காட்டுவதும் ஒன்றல்ல. “உனக்காக மாசாமாசம் அஞ்சாயிரத்து ஐந்நூறு என் கைக்காசு போகுது” என்று ஆரம்பித்தால், பையன் காதில் விழுவது ‘நீ எனக்குப் பாரம்’ என்பதுதான். தாளை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

அடுத்தது, இருப்பதிலேயே மோசமானது: பிள்ளையை வசூலுக்கு அனுப்புவது. “இந்த மாசம் ஏன் இன்னும் போடலைன்னு உங்கப்பாகிட்ட கேளுடா.” கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கும் அப்பாவிடம் பிள்ளை அதைக் கேட்டதும், அவர் பதிலுக்கு, “உங்கம்மா அந்தப் பணத்தை என்னதான் பண்றா? கேட்டுச் சொல்லு” என்பார். இரண்டு பக்கத்துக்கும் தூது போய், இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கி, கடைசியில் பிள்ளை இருவரிடமும் பொய் சொல்லப் பழகும். அங்கே ஒரு தொகை, இங்கே ஒரு தொகை. அதைக் கண்டுபிடித்துவிட்டு “புத்தி அப்படியே அப்பா மாதிரி” என்று சொல்லும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை லேசில் மறக்காது.

பணம் வரவில்லை என்றால் அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. பாக்கியை வசூலிக்க நிறைவேற்று மனு போடலாம். 144-ஆம் பிரிவில் உத்தரவு வாங்கியிருந்தால், தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். சரி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளியே பழைய பாக்கியை இழப்பவர்கள் உண்டு. போதிய காரணம் இல்லாமல் கொடுக்காதவருக்கு, பாக்கி உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் வைக்க வசதி இல்லை என்ற கவலையும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரிக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இவ்வளவு வழி இருக்கும்போது ஒன்பதாவது படிக்கும் பிள்ளை எதற்கு வசூலுக்குப் போக வேண்டும்?

பிள்ளையைப் பார்ப்பதையும் பணத்தையும் முடிச்சுப் போடுவதும் இதன் உடன்பிறப்புதான். “பொண்ணு என்கிட்ட போன்ல பேசவே மாட்டேங்கிறா, அவளுக்கு ஏன் பணம் அனுப்பணும்?” என்று அப்பா நிறுத்துவார். “பணம் வரலை, அதனால இந்த ஞாயிறு நீ போகாதே” என்று அம்மா மறிப்பார். பார்க்கும் உரிமை தனி, ஜீவனாம்சம் தனி. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிறுத்த முடியாது. பதினாறு வயதுப் பெண் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், வயதும் அதில் ஒன்று.

அப்பாக்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. அம்மாவுக்கு அனுப்ப வேண்டியதைக் குறைத்துக்கொண்டு, நேராகப் பிள்ளையின் ஜீபேயில் போடுவது. பிள்ளைக்குச் சந்தோஷம், அப்பாவுக்கு நல்ல பெயர், வீட்டில் பால் கார்டு வாங்கக் காசில்லை. உத்தரவில் சொன்ன ஆளிடம், சொன்ன விதத்தில் கொடுக்காத பணத்தை, ‘நானும்தான் கொடுத்தேன், கழித்துக்கொள்ளுங்கள்’ என்று பிறகு நீதிமன்றத்தில் வாதாடுவது கஷ்டம். பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளிக்குக் கட்ட விருப்பமா? அதை உத்தரவிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஆசைக்கு வாங்கித் தருவது தாராளமாக இருக்கட்டும், ஆனால் அது ஜீவனாம்சத்துக்கு மேலே இருக்க வேண்டும். அந்த ஆசையும் பைக்காக இல்லாமல் இருந்தால் நல்லது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை.

பதினெட்டாவது பிறந்தநாள் நெருங்கும்போது வேறு ஒரு சண்டை வரும். 144-ஆம் பிரிவில் பொதுவாக அந்த வயதோடு பிள்ளையின் உரிமை முடிகிறது. உடல் அல்லது மனநலக் குறையால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் விலக்கு. ஆனால் கல்லூரிச் செலவு ஆரம்பிப்பதே அப்போதுதான். திருமணமாகாத மகள், சொந்த வருமானம் இல்லாவிட்டால், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் தனியாகக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அபிலாஷா வழக்கில் சொன்னது. அந்தச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்குத்தான். மகன் விஷயத்தில், மேஜர் ஆனதும் அவன் செலவு முழுவதையும் அம்மா தலையில் கட்ட முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இல் கூறி, அவன் பட்டப்படிப்பை முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை அம்மாவுக்கு மாதம் 15,000 ரூபாய் கொடுக்கும்படி அப்பாவிடம் சொன்னது. இதெல்லாம் தானாகக் கைக்கு வராது. ப்ளஸ் ஒன்னிலேயே வக்கீலைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் கவுன்சலிங்குக்கும் வாய்தாவுக்கும் ஒரே வாரத்தில் அலைய நேரிடும்.

ரோஷத்தில் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. “அந்த ஆளோட காசு எனக்கு வேண்டாம்.” கேட்கும் அம்மாவுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் அதை அப்படியே விடக் கூடாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், அயர்லாந்தில் படித்த மகள், அப்பா படிப்புக்குக் கொடுத்த 43 லட்சத்தைத் தன்மானம் கருதி வைத்துக்கொள்ள மறுத்து, திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அப்பா திரும்ப வாங்கவில்லை. பெற்றோரிடமிருந்து கல்விச் செலவைப் பெறுவது மகளின் உரிமை, அந்தப் பணம் அவளுடையது என்றது நீதிமன்றம். ரோஷம் இருக்கலாம், ஃபீஸ் கட்டும் கடைசித் தேதியும் இருக்கிறது.

தொகையே போதவில்லை என்றால் அதற்காகப் பிள்ளையோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. சூழ்நிலை மாறியிருந்தால் தொகையை மாற்றக் கேட்க அதே சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தின் 127-ஆம் பிரிவு அதுதான். பள்ளி ரசீது, டியூஷன் ரசீது, மருத்துவ பில், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்தால் மனுவுக்கு உதவும். அந்த ஃபைலைப் பராமரிக்கும் வேலையைப் பையனிடமே கொடுத்துவிடலாம்.