ட்வைனில் ஒரு தமிழ்க் கதை: வாசகரே வழி தேர்ந்து படிக்க

அக்காவின் மகளுக்காகத் திருகோணமலையைச் சுற்றிவரும் கதையொன்று எழுதினேன். பிரட்ரிக் கோட்டைக்குள் மான்களோடு நிற்பதா, கோணேசர் கோயிலுக்கு ஏறுவதா, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் பஸ் பிடிப்பதா என்று அவளே முடிவு செய்வாள். அதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் ட்வைனை இறக்குங்கள். வழி பிரியும் கதைகளை எழுத கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட இலவசக் கருவி இது. கதையின் ஒவ்வொரு துண்டையும் ஒரு பெட்டிக்குள் எழுதி, பெட்டிகளை இணைப்புகளால் கோக்கவேண்டும். உலாவியிலும் ஓடும், ஆனால் கணினியில் நிறுவும் பதிப்பையே எடுங்கள். உலாவியில் எழுதும் கதை அந்த உலாவிக்குள்தான் இருக்கும். அதன் தரவுகளை அழித்தால் கதையும் அழிந்துவிடும். நான் எழுதிய 12 பெட்டிகள் அப்படித்தான் போயின. முடிந்த கதை வாசகருக்கு எப்படித் தோன்றி இயங்கும் என்பதைத் தீர்மானிக்கும் ‘கதை வடிவம்’ ஹார்லோவாகவே இருக்கட்டும். தொடங்குபவருக்கு அது போதும்.

அப்புறம் ஒரு பெட்டியைத் திறந்து எழுதி, வழி பிரியும் இடத்தில் இப்படிப் போடுங்கள்:

[[கோணேசர் கோயிலுக்கு ஏறு->மலை]]

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது வாசகர் தொடும் சொற்கள். வலப்பக்கம் போகவேண்டிய பெட்டியின் பெயர். அப்படியொரு பெட்டி இல்லையென்றால் ட்வைனே வெற்றுப் பெட்டி ஒன்றை உருவாக்கும்.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்த இடம் இதுதான். ‘கோட்டை’ என்ற பெட்டியை எழுதி முடித்திருந்தேன். இணைப்பைத் தொட்டால் அதே பெயரில் இன்னொரு வெற்றுப் பெட்டி! எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையான யுனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ட்வைனுக்கு வேறு வேறு. பெயரைப் போனில் தட்டி அனுப்பியிருந்தேன், இணைப்பைக் கணினியில் தட்டினேன். ஆகவே பெட்டிப் பெயரில் கொ, கோ, கௌ வரிசை எழுத்துகளைத் தவிருங்கள். மலை, மான், கன்னியா போதும். வாசகர் காணும் சொற்களில் எதை எழுதினாலும் பாதகமில்லை.

முடிந்ததும் ‘பில்ட்’ பகுதியில் ‘பப்ளிஷ் டு ஃபைல்’ கொடுங்கள். உலாவியில் திறக்கும் ஒற்றை எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். இணையம் இல்லாமலும் திறக்கும்.

சரி, இனி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள். கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஒவ்வொரு பெட்டி வைத்திருந்தேன். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்திய கதையை நீளமாக எழுதி, இணைப்புகளைக் கீழே அடுக்கினேன். பிள்ளையின் விரல் நேரே கீழே போனது, கதையை அவள் வாசிக்கவே இல்லை. இணைப்பை வாக்கியத்துக்குள்ளேயே, ‘[[மூன்றாம் கிணற்றில்->மூன்று]] கை வைத்துப் பார்த்தாள்’ என்று மாற்றினேன். அன்றைக்கு நின்று வாசித்தாள். கதையின் ஓரத்தில் ஹார்லோ காட்டும் பின்னோக்கும் அம்பைத் தட்டித் தட்டி விட்டுப்போன கிணறுகளையும் பார்த்தாள். அந்த அம்பை நீக்காதீர்கள்.

பின்சேர்க்கை: மூதூரிலிருந்து ஒருவர், அனுப்பிய கதையில் படம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். வழக்கமாகச் சேர்க்கும் படம் அந்தக் கோப்புக்குள் போகாது. இரண்டையும் ஒரே போல்டரில் வைத்து, சிப் செய்து அனுப்புங்கள். பிரித்த பிறகு கதையைத் திறக்கச் சொல்லுங்கள்.