சவரக்கத்திக்குப் பழைய தேக்கில் பிடி போடுவது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மடக்கு சவரக்கத்தி எப்போதாவது கண்ணில் படும். ஷெஃபீல்டு, சோலிங்கன் என்று ஊர்ப்பெயர் பொறித்திருந்தால் எஃகு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது பிடிதான். செல்லுலாய்டு (பழங்காலப் பிளாஸ்டிக்) பிடி என்றால் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். அது பழசாகிச் சிதையும்போது கிளம்பும் ஆவி, அலகையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். தந்தப் பிடி என்று சொன்னால் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். யானைத் தந்த வியாபாரம் இங்கே சட்டவிரோதம்.

முதலில் அலகின் கூர்மேல் பேப்பர் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள். வேலை முடியும்வரை அதை எடுக்கக் கூடாது. பழைய ரிவிட்டின் தலையை அரத்தால் ராவி, மெல்லிய ஆணியால் தட்டினால் கழன்று வந்துவிடும். பிடியை எறிந்துவிடாதீர்கள், அளவுக்கு அதுதான் ஆதாரம்.

மரம்

செட்டிநாட்டில் மரத்துக்கா பஞ்சம்? பழைய வீடு இடித்த இடங்களிலிருந்து வரும் பர்மா தேக்கில் ஒரு துண்டு போதும். 17 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பலகை கிடைத்தால் சரி. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, ஈரத்துக்கு எளிதில் முறுக்காது. ரேகை நீளவாக்கில் நேராக ஓடும் துண்டாகப் பாருங்கள். ரேகை குறுக்கே வெட்டிப் போனால் 3 மில்லி கனத்தில் பிஸ்கட் மாதிரி உடையும். அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், பழைய கதவு நிலையிலும் உத்தரத்திலும் ஆணி ஒளிந்திருக்கும். கருங்காலி பார்க்க அழகுதான், ஆனால் ரிவிட் அடிக்கையில் சட்டென்று வெடிக்கும். முதல் பிடிக்கு வேண்டாம்.

அட்டையில் மாதிரி வெட்டி, குண்டூசி குத்தி, கத்தியை மடக்கிப் பாருங்கள். மடக்கியபின் கூர் வெளியே தெரியக் கூடாது, நுனி வால்பக்க ஆப்பில் (பிடியின் கடைசியில் இரு பலகைக்கும் நடுவே வரும் சின்னத் துண்டு) இடிக்கவும் கூடாது. இது சரியானால் உருவம் உங்கள் இஷ்டம்.

இரண்டு பலகையையும் 3 மில்லிக்கு இழைத்து, இருபக்க டேப்பால் ஒன்றாக ஒட்டி, வடிவம் கொடுக்கும் முன்பே 1.6 மில்லி பிட்டால் துளை போடுங்கள். ஒன்று கத்தியின் கழுத்துக்கு (ரிவிட் கோத்து, கத்தி மடங்கும் இடம்), இன்னொன்று வால்முனையில் ஆப்புக்கு. அடியில் வேண்டாத கட்டை ஒன்றை வைத்தால் மறுபக்கம் பிய்யாது. அப்புறம் கோட்டுக்கு வெளியே அறுத்து, அரத்தால் கோடு வரை கொண்டுவாருங்கள். மரத்தூள் மூக்கில் ஏறாமல் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பு

இங்கேதான் பொறுமை வேண்டும். வால்முனையில் இரு பலகைக்கும் நடுவே உட்காரும் இந்தச் சின்னத் துண்டுதான் கத்தி நேராக மடங்குமா, பக்கவாட்டில் உரசுமா என்பதைத் தீர்மானிக்கிறது. கத்தி இருக்கும் பக்கம் தடிமனாக, சுமார் 3 மில்லி. வால்நுனிப் பக்கம் மெல்லியதாக, ஒன்று, ஒன்றரை மில்லி. இப்படிச் சரிவாக இருந்தால் பலகைகள் நடுவில் லேசாக வெளியே வளைந்து, கழுத்தை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும். ஒரே கனத்தில் வைத்தால் அந்த அழுத்தம் வராது, கொஞ்ச நாளில் கத்தி ஆட ஆரம்பிக்கும்.

1.6 மில்லி போல்ட் நட்டு போட்டுத் தற்காலிகமாகக் கோத்து மடக்கிப் பாருங்கள். அலகு வலப்பலகைப் பக்கம் சாய்ந்தால் ஆப்பின் ஒரு முகத்தை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. மறுபடி கோத்துப் பாருங்கள். எத்தனை முறை என்று கணக்கு வைக்காதீர்கள், அலகு நடுவில் விழும்வரை இதுதான் வேலை.

பாலிஷ்

பூட்டிய பிறகு உள்பக்கம் கை போகாது. அதனால் பாலிஷ் முன்பே. 120, 220, 400 என்று உப்புத்தாளில் ஏறி, ரேகை வழியே தேயுங்கள். பிறகு லின்சீடு ஆயிலை மெல்லிசாகத் தடவி, துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி. வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இதற்கு ஆகாது, காயாமல் பிசுபிசுக்கும். லின்சீடு துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ரிவிட்

வெல்டிங் சாமான் கடையில் 1.6 மில்லி பித்தளைக் கம்பி கிடைக்கும். ஆப்பின் இரு முகத்தையும் தின்னரால் துடைத்துவிட்டு அரால்டைட்டால் ஒட்டி, முதலில் வால்பக்கத்தைப் பூட்டுங்கள். தேக்கின் எண்ணெயைத் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. இரு பக்கமும் சின்ன வாஷர், அதற்கு மேல் கம்பி சுமார் ஒரு மில்லி நீட்டிக்கொண்டு இருக்கட்டும். பத்தர் பட்டறையில் பார்த்திருப்பீர்களே, அந்த அளவு சிறிய சுத்தியல் போதும். கம்பியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பூப்போல் தட்டி, பத்துத் தட்டுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு மறுபக்கம். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளே வளையும், இல்லையென்றால் மரம் பிளக்கும்.

அடுத்து கழுத்து ரிவிட். நாலு தட்டுக்கு ஒருமுறை கத்தியைத் திறந்து மூடுங்கள். கத்தி தன் எடையில் தானாக விழக் கூடாது, ஒரு விரலால் தள்ளினால் திறக்க வேண்டும். அந்த இறுக்கம் வந்தவுடன் சுத்தியலைக் கீழே வைத்துவிடுங்கள். தளர்ந்தால் பின்னால் இரண்டு தட்டுத் தட்டிக்கொள்ளலாம், அதிகமாக இறுகிவிட்டால் ரிவிட்டை ராவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி போடுவதைத் தவிர வழியில்லை.