சீட்டு வித்தைக்கு எந்தக் கட்டு வாங்கலாம்?

வித்தை காட்டச் சீட்டுக்கட்டு வாங்கும்போது, பின்பக்க டிசைனைச் சுற்றி வெள்ளை ஓரம் உள்ளதாகப் பார்த்து, ஒரே மாதிரி இரண்டு கட்டாக வாங்கிவிடுங்கள்.

கட்டின் நடுவே ஒரு சீட்டை ரகசியமாகத் திருப்பி வைத்திருந்தால், அதன் முகப்பு வெள்ளை மற்ற சீட்டுகளின் வெள்ளை ஓரத்தோடு கலந்துவிடும். டிசைன் விளிம்புவரை ஓடும் கட்டில் கொஞ்சம் விலகினாலே போதும், வெள்ளைக் கோடு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பைசைக்கிள் என்ற பிராண்டின் ரைடர் பேக் கட்டு வித்தைக்காரர்களுக்குப் பிடித்துப்போனதற்கு இந்த ஓரமும் ஒரு காரணம். இரண்டாவது கட்டு எதற்கு? ஒரு சீட்டு மடங்கினால் மாற்று கிடைக்கும். டூப்ளிகேட் சீட்டு கேட்கும் வித்தைகளையும் செய்து பார்க்கலாம்.

அப்புறம், முழு பிளாஸ்டிக் கட்டு நெடுநாள் உழைக்கும், ஆனால் என் கைக்கு ரொம்பவே வழுக்குகிறது. பூச்சுள்ள காகிதக் கட்டே மேல். சீட்டுகள் போக்கர், பிரிட்ஜ் என இரண்டு அளவில் வரும். போக்கர் அளவின் அகலம் சுமார் 63 மி.மீ., பிரிட்ஜ் 57; சின்னக் கை என்றால் பிரிட்ஜ் எடுங்கள்.

பின்பக்க நிறம் மாறும் வித்தைக்கு ஒரே மாதிரி இரண்டு கட்டு பொருந்தாது, அதற்குச் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று வேண்டும். விசிறி விரிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் ஓரமில்லாத கட்டுதான் அழகு.