விலங்குகளின் ஆங்கிலப் பெயர்களை இணைய விளையாட்டின் வழியே கற்பித்தல்

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு விலங்குகளின் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லித்தரும் விளையாட்டுகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை வாயைத் திறக்காமலேயே விளையாடி வென்றுவிடலாம். படத்தையும் எழுத்தின் வடிவத்தையும் வைத்துச் சரியான இடத்தைத் தொட்டுக்கொண்டே போகும் குழந்தை முழு மதிப்பெண் பெற்றுவிடும். மறுநாள் தெருவில் கழுதையைக் காட்டிக் கேட்டால் ‘டாங்கி’ என்ற சொல் அதன் நாவில் வராது. ஆகவே இங்கே விளக்கப்படும் முறைக்கு அடிப்படை விதி ஒன்றே: குழந்தை முதலில் சொல்ல வேண்டும், அதன் பிறகே திரையைத் தொட வேண்டும்.

முதல் வேலை சொற்களைத் தேர்ந்தெடுப்பது. கேம்பிரிட்ஜ் நிறுவனம் குழந்தைகளுக்காக நடத்தும் தேர்வுகளில் தொடக்க நிலையான ‘ஸ்டார்ட்டர்ஸ்’ தேர்வின் சொற்பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பசு, நாய், வாத்து, யானை, தவளை, குதிரை, பாம்பு, புலி, வரிக்குதிரை முதலியவற்றின் பெயர்கள் அதில் உள்ளன. அதை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. பனிக்கரடிக்கு இடம் தந்த அந்தப் பட்டியலில், நம் வீட்டுக் குழந்தை காலையில் கண்விழித்ததும் பார்க்கும் காகமும் அணிலும் இல்லை என்பதால், ‘க்ரோ’, ‘ஸ்க்விரல்’ என்ற இரண்டையும் நாமே சேர்த்துக்கொள்வது நல்லது.

ஒரு நாளைக்கு ஆறு சொற்கள் போதும். அந்த ஆறும் உருவத்திலும் ஒலியிலும் ஒன்றுக்கொன்று விலகியிருக்க வேண்டும். பசு, மீன், யானை, பாம்பு, குரங்கு, வாத்து என்று தொடங்கினால் குழப்பம் வராது. ‘கோட்’, ‘ஷீப்’ இரண்டையும் ஒரே நாளில் தந்தால், இரண்டையும் ஆடு என்றே அழைத்துப் பழகிய குழந்தை எது எது என்று தடுமாறும். முதலில் வெள்ளாட்டை நன்றாகப் பதியவைத்துவிட்டு, சில நாள் கழித்துச் செம்மறியைக் கொண்டுவரலாம். எலி வகைகளைக் குறிக்கும் ‘ரேட்’, ‘மவுஸ்’ இரண்டுக்கும் இதே கவனம் தேவை.

விளையாட்டைத் திறப்பதற்கு முன், அந்த ஆறு சொற்களையும் குழந்தையின் காது கேட்டிருக்க வேண்டும். படங்களைத் தரையில் பரப்பி வைத்து, பெரியவர் பெயரைச் சொல்ல, குழந்தை படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். உச்சரிப்பில் ஐயம் இருப்பவர்கள் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடி, ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம். தமிழ் பேசும் குழந்தைகள் சொல்லின் இறுதியில் உகரம் சேர்த்து நாயை ‘டாக்கு’ என்றும் பூனையை ‘கேட்டு’ என்றும் சொல்வதும், ‘எலிஃபண்ட்’ என்பதன் முன்னால் யகரம் சேர்ப்பதும், ‘ஃபிஷ்’, ‘ஃப்ராக்’ போன்றவற்றைப் பகரத்தில் தொடங்குவதும் இயல்பு. அவ்விடங்களில் தவறு என்று நிறுத்தாமல், சரியான ஒலியை நாம் ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு நகர வேண்டும். அதட்டினால் குழந்தை அடுத்த சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

விளையாட்டை நாமே உருவாக்க ‘வேர்ட்வால்’ தளம் வசதியானது. இலவசக் கணக்கில் சில விளையாட்டுகளை மட்டுமே உருவாக்க முடியும் என்றாலும், ஒரு முறை ஏற்றிய படங்களையும் சொற்களையும் வைத்துக்கொண்டு வடிவத்தை மட்டும் மாற்றி விளையாடலாம். அதிலுள்ள வடிவங்களில் இந்த வயதுக்கு மிகப் பொருத்தமானது, சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பெயர் சொல்லும் ‘ஸ்பீக்கிங் கார்ட்ஸ்’. அதில் தொட்டுத் தப்பிக்க வழியே இல்லை. அடுத்து, பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைச் சொல்லும் வடிவம். படத்தையும் சொல்லையும் இணைக்கும் வடிவத்தை, குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். வளையிலிருந்து எட்டிப்பார்க்கும் அகழெலியை அடிக்கும் வடிவத்தைக் குழந்தைகள் கேட்டு அடம்பிடிப்பார்கள். அதில் கைதான் வேகமாகிறது, சொல் மனத்தில் தங்குவதில்லை.

விளையாட்டைத் தருவதற்கு முன் அமைப்புகளுக்குச் சென்று டைமரை நிறுத்திவிடுங்கள். வகுப்புக்குத் தருவதாக இருந்தால் மதிப்பெண் வரிசைப் பட்டியலையும் மறைத்துவிடுங்கள். இணைப்பை அனுப்பினால் குழந்தைகள் கணக்குத் தொடங்காமலே விளையாடலாம். பெயர் கேட்கும் இடத்தில் முழுப்பெயருக்குப் பதிலாகச் செல்லப்பெயரை இடச் சொல்வது பாதுகாப்பானது. ‘கஹூட்’ என்ற இணைய வினாடி வினா விளையாட்டைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் விரைந்து பதில் சொல்பவருக்கே அதிகப் புள்ளி கிடைப்பதாலும், கேள்வியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதாலும், மூன்றாம் வகுப்புக்குக் கீழே அதைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து.

சொற்கள் ஓரளவு பழகிய பிறகு, கூகுள் 2016இல் வெளியிட்ட ‘க்விக், டிரா!’ விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். திரையில் காட்டும் சொல்லுக்கு 20 நொடிக்குள் படம் வரைய வேண்டும்; வரைய வரைய, இதுவா அதுவா என்று கணினி ஆங்கிலத்தில் ஊகித்துச் சொல்லிக்கொண்டே வரும். விலங்குகள் மட்டுமல்லாமல் வேறு பொருள்களும் வரும் என்பதால் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லைப் படித்துக் காட்ட வேண்டும்.

வீட்டில் ஒரே கைப்பேசிதான் இருக்கிறது, குழந்தைகள் இருவர் என்றால், அது குறையே அல்ல. ஒருவர் திரையைத் தான் மட்டும் பார்த்துக்கொண்டு ‘இட் கேன் ஸ்விம்’, ‘இட் ஹேஸ் ஃபோர் லெக்ஸ்’ என்று குறிப்புச் சொல்ல, மற்றவர் பெயரைக் கண்டுபிடிக்கலாம். தனிச்சொல் வாக்கியமாக மாறுவது இந்த இடத்தில்தான். ‘அன் எலிஃபண்ட்’, ‘அ டைகர்’ என்ற வேறுபாட்டையும் விதி சொல்லி விளக்காமல், விடையை அப்படியே முழுதாகச் சொல்லவைத்துப் பழக்கலாம்.

ஒரு அமர்வு பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதே ஆறு சொற்களை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் திரும்ப எடுங்கள். அந்தக் கடைசி முறை திரையை அணைத்துவிட்டு, படங்களை மட்டும் காட்டிக் கேளுங்கள். தயங்கிய சொற்களை அடுத்த தொகுதியின் புதிய சொற்களோடு கலந்து, மொத்தம் ஆறுக்கு மிகாமல் அமைத்துக்கொள்ளுங்கள்.