பழைய போக்கிமானைப் புது ஆட்டத்தில் இறக்கும் முன்

போக்கிமான் 'சன்' ஆட்டத்தில் கெங்கர் என்ற என் போக்கிமான் விழுந்த அன்றுதான் அபிலிட்டிகளுக்கென்று, அதாவது ஒவ்வொரு போக்கிமானுக்கும் இயல்பாக உள்ள தனித்திறன்களுக்கென்று, ஒரு நோட்டுப் போட்டேன். டபுள் பேட்டில், அதாவது இரண்டிரண்டாக மோதும் சண்டை; கெங்கருக்குப் பக்கத்தில் என் கார்ச்சாம்ப். கெங்கருக்கு மிதக்க வைக்கும் லெவிடேட் அபிலிட்டி இருக்கிறது, கிரவுண்ட் டைப் (நில வகை) அடி படாது என்ற தைரியத்தில், கூட்டாளியையும் சேர்த்துத் தாக்கும் எர்த்குவேக் என்ற மூவை (தாக்குதலை) போட்டேன். என் கார்ச்சாம்ப் அடித்தே என் கெங்கர் போனது. 2016-ல் வந்த அந்த ஏழாம் தலைமுறையில் (போக்கிமான் ஆட்டங்களைத் தலைமுறை தலைமுறையாகத்தான் எண்ணுவார்கள்) கெங்கரின் அபிலிட்டியை, கிரவுண்ட் அடியைத் தடுக்காத கர்ஸ்டு பாடி என்று மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்டத்திலிருந்து கூட்டி வந்தாலும் புதியதுதான் கிடைக்கும்.

அதனால் முதலில் ஒவ்வொன்றின் சம்மரி திரையையும் திறந்து, அபிலிட்டியின் பெயரைப் பழைய பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஹிட்டன் அபிலிட்டி (அரிதாகக் கிடைக்கும் தனி அபிலிட்டி) உள்ளவற்றை விட்டுவிடாதீர்கள். சாண்டலூருக்கு ஐந்தாம் தலைமுறையில் ஷேடோ டேக் என்று வைத்திருந்ததை ஆறில் இன்ஃபில்ட்ரேட்டர் ஆக்கினார்கள்.

பெயர் மாறினால் கண்ணில் பட்டுவிடும். பெயர் அப்படியே இருக்க, வேலை மட்டும் மாறுவதில்தான் நாம் ஏமாறுகிறோம். டேலன்ஃபிளேமின் கேல் விங்ஸ் ஆறாம் தலைமுறையில் எந்த நிலையிலும் பறக்கும் மூவை முந்த வைத்தது. ஏழிலிருந்து எச்பி (உயிர்ப்புள்ளி) முழுதாக இருந்தால்தான். ட்ரிஸில் கொண்டுவரும் மழை ஐந்துவரை தானாக நிற்காது, ஆறிலிருந்து 5 டர்ன் (சுற்று), டேம்ப் ராக் என்ற பொருளைப் பிடித்திருந்தால் 8. போடும் மூவுக்கேற்ப போக்கிமானின் டைப்பை மாற்றும் ப்ரோட்டியன், ஒன்பதாம் தலைமுறையில் களத்துக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் ஒரே தடவைதான் டைப்பை மாற்றும். எல்லாமே இறக்கம் என்று நினைக்காதீர்கள். ஸ்டர்டி முன்பு ஒரே அடியில் வீழ்த்தும் மூவ்களை மட்டும் தடுத்தது. ஐந்திலிருந்து, எச்பி முழுதாக இருந்தால் எவ்வளவு பெரிய அடியானாலும் 1 எச்பியில் நிற்கவைக்கிறது. ஜியோட்யூடுக்கே அதனால் ஒரு மரியாதை வந்தது, எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்!

திரையில் இருக்கும் விளக்கத்தைப் படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ப்ராங்க்ஸ்டர் அபிலிட்டி வேகம் கொடுத்த ஸ்டேட்டஸ் மூவ் (நேரடியாக அடிக்காத மூவ்) ஏழிலிருந்து எதிரியின் டார்க் டைப்பிடம் பலிக்காது; அபிலிட்டியின் விளக்க வரியில் இது இல்லை. சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ஆடித்தான் பார்க்க வேண்டும். ப்ராங்க்ஸ்டர் உள்ள கிளெஃப்கியை, டார்க் டைப்பான ஓர் அம்ப்ரியானுக்கு எதிரே நிறுத்தி தண்டர் வேவ் போட்டால் ஒரே டர்னில் தெரிந்துவிடும்.

அப்புறம், எதிராளிக்கு என்ன புதிதாகக் கிடைத்திருக்கிறது என்றும் பாருங்கள். எதிரியின் அட்டாக்கைக் குறைக்கும் இன்டிமிடேட் மாறவில்லை, ஆனால் எட்டிலிருந்து இன்னர் ஃபோகஸ், ஓன் டெம்போ போன்ற அபிலிட்டிகள் அதைத் தடுக்கின்றன.

மாற்றம் பிடிக்காவிட்டால் இரண்டு சாதாரண அபிலிட்டிகளுக்கு இடையில் மாற அபிலிட்டி கேப்சூல், ஹிட்டனுக்கு மாற அபிலிட்டி பேட்ச் என்ற பொருள்களைப் பயன்படுத்தலாம். கெங்கருக்கு இரண்டுமே உதவாது, அதற்கு இப்போது இருப்பது ஒன்றுதான். நான் இன்றும் அந்த ஜோடியைத்தான் இறக்குகிறேன். கார்ச்சாம்ப் எர்த்குவேக் அடிக்கும் டர்னில் கெங்கர் தன்னைக் காக்கும் ப்ரொடெக்ட் மூவைப் போடும்.