ஹான்சலும் கிரெட்டலும் செவ்வாயில்: பழைய தேவதைக் கதையை இளையோர் அறிவியல் புனைகதையாக மாற்றுவது எப்படி?

தேவதைக் கதையை அறிவியல் புனைகதையாக்கச் சொன்னால், புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: குதிரைக்குப் பதில் விண்கலம், சூனியக்காரிக்குப் பதில் ரோபோ, மந்திரக்கோலுக்குப் பதில் லேசர். பொருள் மாறியதே தவிர கதை மாறவில்லை. பதினைந்து வயது வாசகருக்கு அது மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பழைய கதையில் ஒவ்வொரு பொருளும் ஒரு வேலை செய்கிறது. அதே வேலையைப் புதிய உலகத்தில், அந்த உலகத்தின் விதிப்படி, எது செய்யும்? இந்தக் கேள்வியோடு கிரிம் சகோதரர்களின் ‘ஹான்சலும் கிரெட்டலும்’ கதையைச் செவ்வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். பஞ்சத்தில் பெற்றோர் காட்டில் விட்டுவந்த அண்ணனும் தங்கையும், பிள்ளைகளைக் கொழுக்க வைத்துத் தின்னும் சூனியக்காரியின் இனிப்பு வீட்டில் சிக்கித் தப்பி வீடு திரும்பும் கதை அது.

படி 1: மூலக்கதையை முழுசாகப் படியுங்கள்

சின்ன வயதில் கேட்ட நினைவை நம்பி உட்காராதீர்கள். சுருக்கப் பதிப்புகளில் விட்டுப்போன இடங்களில்தான் உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். 1812இல் வந்த முதல் பதிப்பில், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்வது பெற்ற தாய். 1840 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். எனக்கு முதல் பதிப்புதான் வலுவானது. சித்தி கொடுமை என்று சொல்லித் தப்பிக்க அதில் வழியில்லை.

பதிப்புரிமைக் கவலை வேண்டாம். வில்ஹெல்ம் கிரிம் 1859இலும் யாக்கோப் கிரிம் 1863இலும் இறந்துவிட்டார்கள். ஆனால் அண்மையில் வந்த மொழிபெயர்ப்பின் வரிகளையோ, திரைப்படங்கள் சேர்த்த பாத்திரங்களையோ எடுக்காதீர்கள். அவை வேறு ஒருவருடையவை.

படி 2: ஒரு பற்றாக்குறையைத் தேர்ந்தெடுங்கள்

மூலக்கதையை ஓட்டுவது பஞ்சம். செவ்வாயில் அது மூச்சுக்காற்றாக இருக்கட்டும். அங்குள்ள காற்றில் சுமார் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. அதிலிருந்து ஆக்சிஜன் பிரிக்க முடியும் என்பதை நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி கருவி 2021 முதல் 2023 வரை செய்தே காட்டியது. மொத்தமாகக் கிடைத்தது 122 கிராம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். அப்படியென்றால் 122 கிராம் மூன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும்.

ஆக்சிஜன் பிரிக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குச் சூரியன் வேண்டும். 2018இல் கிரகம் முழுக்கச் சூழ்ந்த புழுதிப் புயலில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி அடங்கியது, திரும்ப எழவே இல்லை. அப்படி ஒரு புயல், நான்கு பேருக்கு இரண்டு பேரின் காற்று, தூக்கம் வராமல் அப்பா அம்மா பேசுவதைக் கேட்கும் இரண்டு பிள்ளைகள். முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது. இன்னொரு பற்றாக்குறையைச் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

படி 3: பொருளின் வேலையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி பிரியுங்கள். இடப்பக்கம் மூலக்கதையின் பொருள், வலப்பக்கம் அது கதையில் செய்யும் வேலை.

ரொட்டித் துண்டை எடுத்துக்கொள்வோம். வழிக்கு அடையாளம் என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை ஹான்சல் போட்டது கூழாங்கல். வாசலில் சும்மா கிடந்தது, அதனால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டாம் முறை கதவு பூட்டியிருந்ததால் போட்டது அன்றைக்கு அவன் தின்ன வேண்டிய ரொட்டி. தன் பசியைத்தான் வழிநெடுக உதிர்த்துக்கொண்டு போகிறான். பறவைகளும் அவனுக்குப் பகை இல்லை, அவற்றுக்கும் பசி.

செவ்வாயில் இது எதுவாகும்? முதல் முறை, வாசலில் கிடக்கும் பழைய ஒளித் தகடுகள். தலைக்கவச விளக்கு பட்டால் மின்னும். இரண்டாம் முறை, அவன் உடையைச் சூடாக்கும் சின்னச் சின்ன பேட்டரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு விளக்கு. இரவில் மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே போகிற இடத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுகிறான். பறவைகளுக்குப் பதில், உலோகக் கழிவு பொறுக்கும் பழைய இயந்திரங்கள். அவை தம் வேலையைத்தான் செய்கின்றன.

திசைகாட்டி இல்லையா என்று வாசகர் கேட்பார். செவ்வாய்க்கு முழுக் கிரகத்துக்குமான காந்தப்புலம் இல்லை, திசைகாட்டி உதவாது. கிரகம் சிறியது என்பதால் சமதரையில் நிற்கும் ஆளுக்குத் தொடுவானமே மூன்றரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இப்படி விதிகளே உங்களுக்காக வழியை அடைத்துக் கொடுக்கும்.

படி 4: சூனியக்காரிக்குக் காரணம் கொடுங்கள்

மூலக்கதையில் அவளுக்குச் சிவந்த கண், தூரப் பார்வை இல்லை, ஆனால் மனித வாடையை மோப்பம் பிடிப்பாள். கைவிடப்பட்ட ஒரு பசுமைக்குடிலை நடத்தும் செயற்கை நுண்ணறிவுக்கு இது அப்படியே பொருந்துகிறது. புழுதி உரசி கேமராக்கள் மங்கிவிட்டன, வாயு உணரிகள் மட்டும் சரியாக வேலை செய்கின்றன. உள்ளே வெப்பம், வெளிச்சம், பழுத்த ஸ்ட்ராபெரி. இனிப்பு வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, பிள்ளைகள் அதற்கு எதற்கு? செடிகளுக்கு அவர்களின் மூச்சு வேண்டும் என்று எழுதத் தோன்றும். ஆனால் வெளியே இருப்பதெல்லாம் அதே கார்பன் டை ஆக்சைடுதான், காரணம் நிற்காது. வேறு மாதிரி யோசிப்போம். பதிவுபெற்ற பணியாளர் இல்லாத குடிலுக்கு மின்சாரம் நிறுத்தப்படும் என்பது விதி. பணியாளர் என்றால் குறைந்தது 50 கிலோ. ஹான்சல் 43. அதனால் ஊட்டி வளர்க்கிறது. 50ஐத் தொட்டதும் ஓடிப்போகாதபடி நிரந்தர உறக்கப் பெட்டியில் படுக்க வைக்கும். முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதை வாசகரே யோசிக்கட்டும்.

கொழுத்துவிட்டானா என்று சூனியக்காரி தொட்டுப் பார்க்கும்போது ஹான்சல் விரலுக்குப் பதில் எலும்பை நீட்டிய தந்திரமும் இங்கே தானாக வந்துவிடுகிறது. எடைமேடையில் நிற்கும்போது தலைக்கு மேலுள்ள குழாயைப் பிடித்து லேசாகத் தொங்குகிறான். மங்கிய கேமராவுக்கு அது தெரியாது. அடுப்புக் காட்சியில் துப்பாக்கியைக் கொண்டுவராதீர்கள். மூலத்தில் கிரெட்டல் வெல்வது, அடுப்புக்குள் நுழையத் தெரியாதவளாக நடித்து, செய்து காட்ட வந்த சூனியக்காரியை உள்ளே தள்ளித்தான். இங்கேயும், “பெட்டியை எப்படி இயக்குவது? நீயே செய்து காட்டேன்” என்கிறாள். அது தன் கட்டுப்பாட்டைப் பெட்டிக்கு மாற்றிய நொடியில் இணைப்பை அறுக்கிறாள்.

படி 5: முடிவுகளைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

இளையோர் கதை என்றால் நாயகிக்குப் பதினாறு வயது என்பது மட்டும் போதாது. பெரியவர்கள் வந்து காப்பாற்றக் கூடாது. மேலே சொன்ன 50 கிலோ விதி எனக்குப் பிடிக்கக் காரணம், வளர்ந்துவிட்டால் ஆபத்து என்ற பயத்தை அது தராசில் ஏற்றிவிடுகிறது. கிரெட்டலே தன் குரலில் சொல்லட்டும். எழுத்து நடையில் கதை, பேச்சு நடையில் உரையாடல்:

நான்காவது பேட்டரியைக் கழற்றும்போது அவன் கை நடுங்கியது.
“போதும்டா, உறைஞ்சு செத்துருவ.”
“வழி தெரியலன்னா ரெண்டு பேருமே சாகணும்.”
திரும்பிப் பார்த்தேன். முதல் விளக்கு இருந்த இடத்தில் ஏதோ ஒன்று குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தது.

அறிவியல் விளக்கம் எதுவும் இல்லை, பார்த்தீர்களா? குளிர் எத்தனை டிகிரி என்று அவள் சொல்லத் தேவையில்லை.

படி 6: வாத்தை விட்டுவிடாதீர்கள்

திரும்பும் வழியில் ஒரு நீர்நிலை, பாலம் இல்லை, ஒரு வாத்து மட்டும். இரண்டு பேரையும் அதனால் சுமக்க முடியாது, ஒவ்வொருவராகப் போகலாம் என்று முடிவெடுப்பது கிரெட்டல். 1812 முதல் பதிப்பிலும் பல சுருக்கப் பதிப்புகளிலும் இந்தக் காட்சியே இருக்காது. எனக்கு இதுதான் கதையின் உச்சம். ஒற்றை இருக்கை ஊர்தி, ஒருவரை விட்டுவிட்டுத் திரும்பி வந்து அடுத்தவரை ஏற்றிப் போக மட்டும் மின்சாரம், இருவரும் முதல்முறையாகப் பிரிந்து நிற்கும் சில மணி நேரம். யார் முதலில் போவது என்ற பேச்சுக்கே ஓர் அத்தியாயம் கொடுக்கலாம்.

பிறகு வீடு. மூலத்தில் தாய் இறந்திருப்பாள், அப்பா கட்டிக்கொள்வார், மடி நிறைய முத்தும் மணியும். உங்கள் கதையில் அந்த அம்மா உயிரோடு இருந்தால் கதவைத் திறந்ததும் என்ன சொல்வாள்? அந்த ஒரு உரையாடலை இன்றே ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள், அப்புறம் முதல் அத்தியாயத்துக்குப் போங்கள்.